விளக்கை முகத்துக்கு நேராக வை

அம்மாவின் குரலில் பதற்றம் இருக்காது. அது முழுவதும் வயிற்றில் இருக்கும்.

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள். பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருவாள். அடுப்பை அணைத்தோமா என்று பேருந்திலிருந்து அப்பாவுக்குப் போன் செய்வாள். "அணைச்சாச்சு. அடுப்பையே கழட்டி வெளிய வெச்சாச்சு. போதுமா?" என்பார் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிகளில் கம்பியில் தொங்குகிறவருக்கு எதற்கும் பயம் கிடையாது. மகள் வரத் தாமதமானால், அவளுக்கு விபத்து நடந்து, ஆப்பரேஷன் முடிந்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பும் கட்டம் வரை அம்மா மனதுக்குள் போயிருப்பாள். மகள் வந்து செருப்பைக் கழற்றும்போது, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பாள்.

ஆனால் காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டால் அவள் வேறு ஆள். பல ஆண்டுகள் ஆஸ்பத்திரித் தொலைபேசி மேசையில் இருந்தவள். எதிர்முனையில் ஒருவர் எவ்வளவு உரக்கக் கத்துகிறாரோ அவ்வளவுக்கு நம் குரல் தணிய வேண்டும் என்று அங்கே பழகியிருந்தாள். ஆஸ்பத்திரி எந்திரக் குரலுக்கு மாறியதும் பல்கலைக்கழகத்தின் உதவி மையத்தில் வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலை. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். அந்த மாதம் முழுக்க அம்மாவுக்குச் சோறு இறங்காது.

உதவி மையம் நூலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. நீளமான அறை. தடுப்புப் பலகை வைத்த மேசைகள். வெளியே நடைபாதைச் சுவரில் பல நிறக் கைகள் கோத்துக்கொண்டிருக்கும் சுவரொட்டி. நிறத்தாலோ இனத்தாலோ யாராவது உங்களை அவமதித்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று கீழே இருக்கும். ஊழியர் எல்லாரும் ஆண்டுதோறும் அதற்கென்று ஒரு கணினிப் பயிற்சியும் முடிக்க வேண்டும். சக ஊழியரின் நிறத்தைக் கேலி செய்வது சரியா, தவறா, சூழ்நிலையைப் பொறுத்ததா? எல்லாருக்கும் முழு மதிப்பெண். "சூழ்நிலையைப் பொறுத்ததுன்னு போட்டா ஃபெயிலாக்கிடுவாங்களாக்கா? ஒரு தடவ போட்டுப் பாக்கணும்னு கை அரிக்குது" என்பான் பக்கத்து மேசைக்காரன். அம்மாவுக்கு 'டென்ஷன் அக்கா' என்று பெயர் வைத்தவன் அவன்தான்.

மாணவர்கள் தேர்வைத் தங்கள் அறையிலிருந்தபடியே கணினியில் எழுதும் முறை வந்தபோது, அவர்களைக் கண்காணிக்க ஒரு மென்பொருளும் வந்தது. கணினியின் கேமரா வழியாக அது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முகம் காணாமல் போனால் எச்சரிக்கும். சில முறை எச்சரித்துவிட்டுத் தேர்வைப் பூட்டிவிடும். பூட்டினால் மாணவர் உதவி மையத்துக்குப் பேச வேண்டும். உதவி மையம் திறந்துவிடும்.

முதல் தேர்வுக் காலத்திலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பூட்டிக்கொள்ளும் முகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி முகங்கள்.

அந்த ஊரில் வெளுத்த தோல்காரர்கள் அதிகம். அம்மா கறுப்பு. நல்ல கறுப்பு. குரலை வைத்தே, பேசுகிற விதத்தை வைத்தே, தன்னைப் போன்ற பிள்ளைகளை அவளால் கண்டுபிடிக்க முடிந்தது.

"மேடம், நான் அசையவே இல்ல மேடம். முகத்தக் காணோம் முகத்தக் காணோம்னே சொல்லுது. நான் இங்கதான் இருக்கேன்."

"பதறாதம்மா. நான் இருக்கேன். டேபிள் லாம்ப் இருக்கா?"

"இருக்கு."

"அத முகத்துக்கு நேரா வை. இன்னும் கிட்ட. கண்ணு கூசுதா?"

"கூசுது மேடம்."

"கூசட்டும். இப்ப பாரு."

அம்மா பூட்டைத் திறந்துவிடுவாள். இந்த முறை முகம் தெரியும். அழுகை நின்று, மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டு, அழைப்பு முடியும்.

ஒருநாள் மகளிடம் கேட்டாள். மகள் அப்போது மின்னணுக் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்திருந்தாள். "அந்தக் கேமராவுக்கு ஏன் நம்ம மூஞ்சி தெரிய மாட்டேங்குது?"

"அதுக்கு மூஞ்சின்னா என்னன்னு படம் காட்டித்தான் சொல்லிக் குடுப்பாங்கம்மா. காட்டினதெல்லாம் வெள்ள மூஞ்சியா இருந்திருக்கும். நம்மளக் காட்டியிருக்க மாட்டாங்க."

"பாத்ததே இல்லன்னா அதுக்கு எப்படித் தெரியும், பாவம்" என்றாள் அம்மா. எந்திரத்துக்கும் பரிதாபப்படுவாள்.

ஒவ்வொரு அழைப்புக்கும் கணினியில் ஒரு பதிவு போட வேண்டும். டிக்கெட் என்று பெயர். தேர்வு நேரத்து டிக்கெட் ஒவ்வொன்றும் நேராகத் தேர்வு ஒழுங்குப் பிரிவுக்குப் போகும். மாணவர் பெயருக்குப் பக்கத்தில் 'தேர்வில் இடையூறு' என்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று சேர்ந்தால் விசாரணை. இது தெரிந்த நாளிலிருந்து அம்மா டிக்கெட் போடுவதில்லை. பூட்டைத் திறக்கும்போது காரணம் கேட்கும் இடத்தில் 'இணைய இணைப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுவாள். அந்த ஒரு காரணத்துக்குத்தான் டிக்கெட் தேவையில்லை. பிள்ளையின் பெயர் கெடாது. அழைப்பும் சீக்கிரம் முடியும். மூன்று தேர்வுக் காலம் இப்படியே ஓடியது.

ஒரு கூட்டத்தில் மேலாளர் சொன்னார்: "சில பசங்க இருக்கிற ஏரியாவுல நெட் ரொம்ப மோசம் போல. அவங்களுக்கு டேட்டா கார்டு குடுக்கலாம்னு மேலிடத்துல பேசிக்கிட்டிருக்காங்க." நல்ல மனிதர் அவர். நல்லது செய்வதாகவே நினைத்தார். அம்மா தலையைக் குனிந்து பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

பிறகு அந்தப் பெண் வந்தாள்.

மருந்தியல் படிக்கும் பெண். கடைசி ஆண்டு. நல்ல உயரம். அம்மாவைவிட ஒரு படி கறுப்பு. மேசை மேசையாக நடந்து, ஒவ்வொரு தடுப்புக்கும் பின்னால் நின்று காது கொடுத்துக்கொண்டே வந்தாள். உதவி மையத்தில் யாரும் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. அவளுக்குத் தெரிந்தது குரல் மட்டும்தான். அம்மா யாரிடமோ, "பதறாதம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஆண்ட்டி, நீங்கதானே?"

அம்மா திரும்பினாள்.

"நீங்கதானே லாம்ப் வெக்கச் சொன்னீங்க? என்னைக் காப்பியடிச்சேன்னு புடிச்சிருக்காங்க ஆண்ட்டி. லாம்ப் வெச்சு கேமராவ ஏமாத்தினேனாம். வெளிச்சத்துல கண்ணு கூசி நான் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்திருக்கேன். அங்க யாரோ நின்னு விடை சொன்னாங்களாம். படம் எடுத்துக் காட்டுறாங்க. அடுத்த வாரம் விசாரணை. வெளிய தள்ளிட்டா எனக்குப் படிப்பே போச்சு. உதவி மையத்துலதான் சொன்னாங்கன்னு சொன்னேன். அப்படி எந்தப் பதிவும் இல்லங்கறாங்க."

சத்தம் கேட்டு மேலாளர் எழுந்து வந்தார். "என்ன பிரச்சினை?"

அந்தப் பெண் அவரிடமும் சொன்னாள். வகுப்பில் ஒருவன் செல்போன் டார்ச்சை அடித்து அவள் முகத்தில் காட்டி, "இப்பத் தெரியுதாடா?" என்று மற்றவர்களைக் கேட்டானாம். அவளுக்கு 'லாந்தர்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். மேலாளர் உச்சுக்கொட்டினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க அப்படிச் சொன்னீங்களா? கேமரா விஷயத்துல நாம எந்த யோசனையும் சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்கே."

அது ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம்.

"நிறைய கால் வருது சார். ஞாபகம் இல்ல."

பெண் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அந்தக் குரல் இந்த வாயிலிருந்துதான் வருகிறதா என்று பார்ப்பது போல. பிறகு போய்விட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. ஆனால் அம்மாவுக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காதே. ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அதற்குள் விசாரணை முடிந்துவிடும் என்றாள் அம்மா. அப்பா தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா அந்த வாரம் பூட்டைப் பார்க்கத் திரும்பி வரவில்லை. அடுப்பைப் பற்றிப் போன் செய்யவில்லை. அதைப் பார்த்து அப்பாவுக்கே பயம் வந்துவிட்டது. "அடுப்பு அணைஞ்சிருக்கு" என்று அவராகவே போன் செய்து சொன்னார். "எந்த அடுப்பு?" என்றாள் அம்மா.

அலுவலகத்தில் அழைப்பு வரும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் குரலோ என்று தோன்றியது. வேறு யாராகவாவது இருக்கும். விளக்கு வைக்கச் சொல்ல வாயெடுத்து நிறுத்துவாள். சொன்னால் இந்தப் பிள்ளையும் மாட்டும். சொல்லாவிட்டால் திறந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளும். "ஒரு நிமிஷம்மா" என்பாள். கடைசியில் விளக்கைத்தான் சொல்வாள்.

விசாரணைக்கு முந்தைய மாலை அப்பா வேலையிலிருந்து எரிச்சலோடு வந்தார். கால் கழுவும்போதே ஆரம்பித்துவிட்டார். ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் இரண்டு தளத்துக்கு நடுவில் நிற்கிறது. ரொம்ப நாளாகவே நிற்கிறதாம். மாட்டிக்கொள்கிறவர்கள் கதவை நெம்பித் திறந்து குதித்துவிடுகிறார்கள். இன்று ஒரு கிழவருக்குக் கால் பிசகிவிட்டது.

"ஒருத்தனாவது மணி அடிச்சானா? போன் பண்ணினானா? கெட்டிக்காரப் பசங்க, ஆளுக்கொரு கம்பி வெச்சிருக்கானுங்க கதவ நெம்ப. ஆபீசுல என்னைக் கேக்கறான், இந்த லிஃப்ட் மேல ஒரு கம்ப்ளெயின்ட்கூட இல்லையே, நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சுங்கறான். ஆமா, நல்லா ஓடுது. உள்ள இருக்கறவன்தான் குதிக்கறான்."

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றாள்.

"என்ன?" என்றார் அப்பா.

"நான்தாங்க அந்தக் கம்பி."

"எந்தக் கம்பி?"

கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. மகள் துணி எடுத்துவரப் போனாள். திரும்பி வந்தபோது, "நாளைக்கு லீவு சொல்லணும்" என்றாள் அம்மா. "இல்ல, லீவு சொல்ல வேணாம். போய்ச் சொல்லணும்."

விசாரணை அறை நிர்வாகக் கட்டடத்தில் மேல்தளத்தில் இருந்தது. வாசலில் நாற்காலிகள். அந்தப் பெண் தன் அண்ணனோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதவருகே இருந்த உதவியாளர், "உங்களை அழைக்கலையே" என்றார். "அழைக்க மாட்டாங்க. நானாத்தான் வந்திருக்கேன்" என்றாள் அம்மா. அவர் உள்ளே போய்க் கேட்டு வருவதற்குள் இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்தாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர், சட்டத்துறைப் பேராசிரியர். ஒரு பக்கம் தேர்வு ஒழுங்குப் பிரிவு அதிகாரி. இன்னொரு பக்கம், பாகுபாட்டுப் புகார்ப் பிரிவின் அம்மையார். சுவரொட்டியிலிருந்த எண் அவருடையதுதான். திரையில் அந்தப் பெண்ணின் படம் இருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ அடிக்க வருவது போல முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"விளக்கு வெக்கச் சொன்னது நான்தான் சார்" என்றாள் அம்மா. ஹெட்செட் இல்லாமல் அவள் குரல் நடுங்கியது. அப்படி நடுங்கி யாரும் கேட்டதில்லை.

ஒழுங்குப் பிரிவு அதிகாரி தாளைப் புரட்டினார். "ஞாபகம் இல்லன்னு மேலாளர்கிட்ட சொல்லியிருக்கீங்களே?"

"பொய் சார். பயந்து சொன்னேன்."

"இப்பப் பயம் போயிடுச்சா?"

"இல்ல சார். ரொம்ப இருக்கு."

தலைவர் கேட்டார். "எதுக்கு விளக்கு?"

"முகம் தெரியலன்னு பூட்டிக்குது சார். வெளிச்சம் அடிச்சாத்தான் தெரியுது."

"எல்லாருக்குமா?"

"இல்ல சார். எங்கள மாதிரி இருக்கறவங்களுக்கு."

"எங்கள மாதிரின்னா?"

எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அவள் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

"கறுப்பா இருக்கறவங்களுக்கு சார்."

அதிகாரி குறுக்கிட்டார். "அப்படி ஒரு புகாரும் எங்களுக்கு வரலையே. நீங்க திறந்துவிட்டதெல்லாம் இணைய இணைப்புன்னுதான் இருக்கு."

"நான்தான் அப்படிப் போட்டேன். இந்தப் பொண்ணுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். உண்மையப் போட்டா அவங்க பேரு உங்ககிட்ட வந்துடும். விசாரிப்பீங்க. காப்பாத்தறதா நெனச்சேன்."

"அப்ப நீங்க சொல்றதுக்கு ஆதாரம்?"

"இல்ல சார். ஆதாரத்தத்தானே நான் இல்லாம பண்ணிட்டேன்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். எல்லாம் முடிந்தது என்று அம்மாவுக்குத் தோன்றியது. வேலையும் போயிற்று, அந்தப் பெண்ணுக்கும் பயனில்லை. புகார்ப் பிரிவு அம்மையார் அதுவரை வாய் திறக்கவில்லை. எங்கள் எண்ணுக்கு ஒரு புகாரும் வருவதில்லை என்று ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதுகிறவர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தேர்வு எழுதினவங்க படமெல்லாம் அந்தக் கம்பெனிகிட்ட இருக்கும்ல? இணைய இணைப்புன்னு தெறந்துவிட்ட தேர்வெல்லாம் எடுத்துப் பாத்தா என்ன? விளக்கு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

தலைவர் யோசித்தார். "கேளுங்க. அது வர்ற வரைக்கும் இந்தப் பொண்ணு மேல முடிவு வேணாம்."

வெளியே வந்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று அம்மா நினைக்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல ஆண்ட்டி? ஒரு வாரம் நான் தூங்கல."

"சொல்லியிருக்கணும்."

"எங்கம்மாவுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா செத்துடுவாங்க."

"சொல்லிடும்மா. மறைக்காதே" என்றாள் அம்மா. பிறகு, இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று வாயை மூடிக்கொண்டாள். அண்ணன்தான் இருவருக்கும் நடுவில் நின்று, "லிஃப்ட் வந்துடுச்சு" என்றான். அம்மா படியில் இறங்கிப் போனாள்.

காத்திருந்த நாட்கள் நீண்டன. அம்மாவைத் தொலைபேசியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பின்னறையில் பழைய ஹெட்செட்களையும் விசைப்பலகைகளையும் சோதித்துப் பிரிக்கும் வேலை. பொய்ப் பதிவு செய்ததற்கு எழுத்தில் எச்சரிக்கை. ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பக்கத்து மேசைக்காரன் மட்டும் அவ்வப்போது எட்டிப்பார்ப்பான். "நீ இல்லாம கூப்பிடறவன் எல்லாம் என்கிட்ட அழறான்க்கா. எனக்கு ஆறுதல் சொல்ல வரல. நானும் சேந்து அழுதுடுவேன் போல."

படங்கள் வந்தன. பார்த்தவர்களில் ஒருவர் அம்மாவிடம் பிறகு சொன்னார். அறைக்கு அறை விளக்கு. மேசை விளக்கு, சைக்கிள் விளக்கு, நாற்காலி முதுகில் கட்டிய செல்போன். ஒரு பையன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்து, அதன் விளக்குக்கு முன்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு தேர்வு எழுதியிருக்கிறான். பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்களாம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டதாம். எல்லார் கண்ணும் ஒரே மாதிரி சுருங்கியிருந்தது.

அந்தப் பெண்ணின் மீதிருந்த குற்றச்சாட்டை நீக்கினார்கள். தேர்வை மறுபடி, தேர்வறையில் உட்கார்ந்து, தாளில் எழுதலாம் என்றார்கள். மென்பொருளை நிறுத்திவைத்தார்கள். டார்ச் அடித்த பையனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முழு அறிக்கை வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. அது வந்தபோது அம்மா இல்லை. நோய் சீக்கிரம் முடித்துவிட்டது. அதைப் பற்றி மட்டும் அவள் முன்கூட்டிக் கவலைப்பட்டிருக்கவில்லை.

ஆனால் மறுதேர்வு நாளில் இருந்தாள். பின்னறையில், எந்த விசைப்பலகையை எடுத்தாலும் அதையே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டு. தேர்வறையில் மேற்பார்வையாளர் யாரோ. மின்சாரம் போனால்? பேனா எழுதாவிட்டால்? இந்த அலைக்கழிப்பில் படித்ததெல்லாம் மறந்திருந்தால்? அதற்கும் தான்தானே காரணம் என்று நினைத்தபோது விசைப்பலகையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

செல்போன் அடித்தது. புதிய எண்.

"ஆண்ட்டி. நான்தான். அந்தப் பையன்கிட்ட உங்க நம்பர் வாங்கினேன், உங்க பக்கத்து மேசை."

"முடிஞ்சுதா? எப்படிம்மா எழுதின?"

"பரவால்ல. ஒரு பெரிய கேள்விய மட்டும் சொதப்பிட்டேன்."

அம்மா எழுந்துவிட்டாள். "ஏம்மா? வெளிச்சம் சரியில்லையா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஐயோ, இல்ல ஆண்ட்டி. அந்தப் பாடத்த நான் படிக்கவே இல்ல. வராதுன்னு விட்டுட்டேன். வந்துடுச்சு."

"படிக்கலையா?"

"படிக்கல. முழுக்க முழுக்க என் தப்புதான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாக, பிறகு அடக்க முடியாமல். எதிர்முனையில் அந்தப் பெண்ணும் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரன் எட்டிப்பார்த்து, "என்னக்கா, பாஸா?" என்றான்.

"தெரியல. படிக்காமப் போய் எழுதியிருக்காடா" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.